கடைமடை வரை செல்லும் சமாதானம்



லெந்து நாட்களின் உபவாசமும், பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனையும், உயிர்த்தெழுதல் பண்டிகையின் அதிகாலை ஆராதனையும் நிறைவுற்றன. பண்டிகையன்று ஆலயத்தில் இடமின்றி வாசற்படிகளில் நின்ற கூட்டம் அடுத்த ஞாயிறன்று பாதியாகக் குறைந்துவிடுவது நம் பகுதிச் சபைகள் யாவும் அறிந்த வழக்கம். திருச்சபை நாட்காட்டி உயிர்த்தெழுதலைக் கொண்டாட ஐம்பது நாட்களை ஒதுக்கியிருக்கிறது. நாமோ ஒரே நாளில் அதை முடித்துவிட்டு, திங்கட்கிழமையே பழைய கவலைகளுக்குத் திரும்பிவிடுகிறோம்.

பண்டிகைக்குப் பின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும் போதகர் எவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று விசுவாசிக்கிறோம், பாடுகிறோம், சாட்சியும் சொல்லுகிறோம். ஆனாலும் உள்ளத்தில் சமாதானம் இல்லையே, ஏன்?” இதைக் கேட்பவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் அல்லர். திராட்சைக்கு விலை விழுந்தபோது வட்டிக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. குடிப்பழக்கத்திற்கு அடிமையான கணவர் பண்டிகையன்று மட்டும் ஆலயத்திற்கு வந்தார். திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் தொலைபேசியில் பேசி மாதங்களாகின்றன. கல்லறை திறந்தது என்ற நற்செய்தி இவ்வீடுகளின் கதவைத் திறந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வியும் உண்டு. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனித்திருக்கும் தாயார், பட்டம் பெற்றும் வேலையின்றி இருக்கும் வாலிபன் ஆகியோர் வெவ்வேறு சொற்களில் அதைக் கேட்கிறார்கள்: “இனி நான் எதற்காக வாழவேண்டும்?” நாம் இவ்விரண்டையும் இரு வேறு நோய்களாகக் கருதி இரு வேறு மருந்துகளைக் கொடுத்து வருகிறோம். சமாதானம் இல்லாதவருக்கு ஜெபமும் ஆறுதலும்; நோக்கம் இல்லாதவருக்குப் புத்திமதியும் ஊழிய அழைப்பும். சுவிசேஷம் அவ்வாறு பிரிக்கவில்லை என்பதே இவ்வாரம் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து. ஆண்டவர் சமாதானத்தையும் பணியையும் ஒரே மூச்சில் கொடுத்தார். அவற்றைப் பிரித்த நாம் இரண்டையும் இழந்து நிற்கிறோம்.

யோவான் சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தை மீண்டும் நிதானமாக வாசியுங்கள். உயிர்த்தெழுந்த நாளின் மாலை வேளை. கல்லறை வெறுமையாயிருப்பதைப் பேதுருவும் மற்ற சீஷனும் கண்டுவிட்டார்கள். மகதலேனா மரியாள் ஆண்டவரைக் கண்டு, சீஷருக்கு அறிவித்தும்விட்டாள். ஆயினும் அவர்கள் பயத்தினால் கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். உயிர்த்தெழுதலின் செய்தி காதில் விழுந்த பின்னும் பூட்டிய அறைக்குள் இருப்பது முதல் சீஷரின் அனுபவமாகவும் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அங்கே ஆண்டவர் வந்து நடுவில் நின்றார். சமாதானத்தை வாழ்த்தாகக் கூறினார். தம் கைகளையும் விலாவையும் காண்பித்தார். சீஷர் மகிழ்ந்தனர். நம்மில் பலருக்கு அச்சம்பவம் அங்கே முடிந்துவிடுகிறது. ஆண்டவரோ அங்கே நிறுத்தவில்லை. இரண்டாம் முறையும் சமாதானத்தைக் கூறி, பிதா தம்மை அனுப்பியவண்ணமே தாமும் அவர்களை அனுப்புவதாக உடனே சொன்னார். பின்பு அவர்கள்மேல் ஊதிப் பரிசுத்த ஆவியை அருளி, பாவமன்னிப்பின் ஊழியத்தை அவர்களிடம் ஒப்புவித்தார். முதல் சமாதானம் அவர்களுடைய பயத்தை ஆற்றியது. இரண்டாம் சமாதானம் அவர்களை வாசலை நோக்கித் திருப்பியது. இடையில் ஓய்வுக்கென்று ஒரு நாளும் கொடுக்கப்படவில்லை.

இங்கே நம் மொழியின் ஒரு சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம். திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘அமைதி’ என்ற சொல்லை ஆளுகிறது. நாம் ஆலயத்தில் வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பு ‘சமாதானம்’ என்கிறது. இரண்டும் நல்ல சொற்களே. ஆயினும் நம் கிராமங்களில் சமாதானம் என்ற சொல் எங்கே வழங்குகிறது என்று பாருங்கள். வரப்புத் தகராற்றில் முகம் பார்க்காதிருந்த அண்ணன் தம்பியைப் பெரியவர்கள் உட்காரவைத்துச் சமாதானம் பேசுகிறார்கள். கோபித்துக்கொண்டு தாய்வீடு சென்ற மகளைச் சமாதானம் செய்து அழைத்து வருகிறார்கள். அமைதியை ஒருவர் தனியாக அறைக்குள் அமர்ந்து பெற்றுக்கொள்ள முடியும். சமாதானத்திற்கோ இன்னொருவர் தேவை. எபிரேய மொழியின் ‘ஷாலோம்’ என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. முழுமை, நலம், உறவின் செம்மை ஆகிய யாவும் அதில் அடங்கும். ஆகவே, ‘எனக்குச் சமாதானம் தாரும்’ என்று ஜெபிக்கிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, இன்னொருவரோடு சீர்ப்படுவதற்கும் சேர்த்தே ஜெபிக்கிறார்.

இவ்வுண்மையை விளக்க நமக்குத் தூரமாய்ப் போகவேண்டிய அவசியமில்லை. நம் கண்முன் வைகை அணை நிற்கிறது. 1959-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் முதலமைச்சர் காமராஜரால் திறந்துவைக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 71 அடி. கோடை விடுமுறையில் பூங்காவைக் காண வரும் குடும்பங்கள் நிறைந்த நீரைக் கண்டு மகிழ்கின்றன. ஆனால் அழகுக்காக நீரைத் தேக்கிவைக்க யாரும் அணை கட்டுவதில்லை. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் குடிநீரும் வயல்களும் இதை எதிர்நோக்கியிருக்கின்றன. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படுகின்றன என்பதை நாம் அறிவோம். அணை நிறைய நிறைய, மதகு திறக்கும் வேளையும் நெருங்குகிறது. தேங்கி நிற்கும் நீரில் இன்னொரு கேடும் உண்டு. ஆண்டுதோறும் வந்து படியும் வண்டலால் அணையின் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். பெற்றதைத் தன்னிடமே வைத்திருக்கும் உள்ளத்திலும் வண்டல் படிகிறது. ஒவ்வொரு ஆண்டும் அதே பிரசங்கம், அதே கண்ணீர், அதே அர்ப்பணிப்பு. ஆயினும் கொள்ளும் அளவு குறைந்துகொண்டே வருகிறது.

மதகு திறந்தால் மட்டும் போதாது. ‘தலைமடை’, ‘கடைமடை’ என்ற இரண்டு சொற்களும் நம் விவசாயிகளுக்குப் புதியவை அல்ல. வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ளவருக்குத் தண்ணீர் எளிதாய்க் கிடைக்கும். கடைசியில் நிலம் உள்ளவருக்கோ, மேலே உள்ளவர்கள் தங்கள் மடையை அடைத்துவிட்டால்தான் வந்து சேரும். ஆகவே நீர் திறப்பு வெற்றியா தோல்வியா என்று தீர்மானிப்பது கடைமடை வயலே. சபைக்கும் இதே அளவுகோலைத்தான் நான் முன்வைக்கிறேன். பண்டிகையின் மகிழ்ச்சி எத்தனை பேரை ஆலயத்திற்குள் கொண்டுவந்தது என்பதைக் காட்டிலும், ஆலயத்திற்கு வர இயலாத கடைசி மனிதனிடம் அது போய்ச் சேர்ந்ததா என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி.

இவ்விடத்தில் நியாயமான ஒரு தடை எழும். “ஐயா, நானே வறண்டு கிடக்கிறேன். என்னிடம் இருந்தாலல்லவா பிறருக்குக் கொடுக்க முடியும்? முதலில் எனக்குச் சமாதானம் வரட்டும். பிறகு ஊழியத்தைப் பற்றிப் பார்ப்போம்.” இதை நான் இலேசாக எண்ணவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் உடனே எழுந்து வேலை செய்யச் சொல்லுவது கொடுமை. ஆனால் வேதம் காட்டும் வரிசையையும் கவனியுங்கள். சீஷர் அனுப்பப்பட்டபோது அவர்கள் நிறைந்தவர்களாய் இருக்கவில்லை. எட்டு நாட்கள் சென்ற பின்னும் அவ்வறையின் கதவுகள் பூட்டியே இருந்தன என்று யோவான் மறைக்காமல் எழுதுகிறார். சமாதானத்தைப் பெற்றவர்களும் அனுப்பப்பட்டவர்களும் இன்னும் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டவர் அவர்களைக் கைவிட்டு வேறு சீஷரைத் தேடிப் போகவில்லை. அதே அறைக்கு மறுபடியும் வந்து, அதே சமாதானத்தை மறுபடியும் கூறினார்.

அன்று அங்கிருந்த தோமாவை நினையுங்கள். காயங்களைக் காணாமல் விசுவாசிக்க மாட்டேன் என்றவர் அவர். ஆண்டவர் அவருக்கு நீட்டியதும் தழும்புள்ள கைகளையே. உயிர்த்தெழுந்த சரீரத்தில் ஆணிகளின் அடையாளம் அழிக்கப்படவில்லை. எனவே, காயங்களெல்லாம் மறைந்த பின்புதான் சமாதானம் வரும் என்று காத்திருப்போர் சுவிசேஷம் வாக்களிக்காத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். ஐயப்பட்ட அந்தத் தோமாவே கடல் கடந்து நம் தேசத்திற்கு வந்து, இன்றைய சென்னையின் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று திருச்சபையின் பாரம்பரியம் கூறுகிறது. காயங்களைத் தொட்டறிய விரும்பிய சீஷனே காயம்பட்ட தூர தேசத்து மக்களிடம் அனுப்பப்பட்டான் என்று நம் முன்னோர் நம்பி வந்தது எவ்வளவு பொருத்தமானது!

வறட்சியைப் பற்றி நம் பள்ளத்தாக்கு கற்றுத்தரும் பாடமும் ஒன்று உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் தங்கள் சொந்த மழையை மட்டும் நம்பிப் பசுமையாக இல்லை. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துவந்த பெரியாற்றின் நீர், பென்னிகுவிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட அணையினால் தடுக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. தொடக்கத்தில் கட்டியவற்றை வெள்ளம் அடித்துச் சென்றது. மலேரியாவுக்கும் காலராவுக்கும் தொழிலாளர் பலர் பலியாயினர். இன்று லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் இருபோக வயல்களில் ஓடுவது மலைக்கு அப்பாலிருந்து பெரும் விலை கொடுத்துத் திருப்பப்பட்ட நீர். நாம் பிறருக்குக் கொடுக்கும்படி அழைக்கப்படும் சமாதானமும் நம் மனவலிமையில் ஊறும் ஊற்று அன்று. அது சிலுவையின் விலையினால் நம்மிடம் திருப்பப்பட்ட கிருபை. வாய்க்கால் தண்ணீரை உண்டாக்க வேண்டியதில்லை. அடைப்பின்றி இருந்தால் போதும்.

பெற்றுக்கொள்ளும் சபை அனுப்பும் சபையாக மாறிய வரலாறு தமிழ் மண்ணிலேயே உண்டு. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். வாலிபர் கிறிஸ்தவ சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் செயலராக ஊழியம் செய்துவந்த அவர், 1902-இல் யாழ்ப்பாணத்திற்குச் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தமக்கென ஒரு மிஷனெரிச் சங்கம் அமைத்து, தமிழகக் கரைக்கு ஊழியரை அனுப்பி வருவதை அறிந்தார். எண்ணிக்கையில் அவர்களைவிடப் பெரியதும், நூறாண்டுகளுக்கும் மேலாக மிஷனெரிகளின் ஊழியத்தைப் பெற்றதுமான திருநெல்வேலிச் சபை தன் சார்பில் யாரை வெளியே அனுப்பியது என்ற கேள்வி அவரை வாட்டியது. அதன் கனியாக 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அது தெரிந்துகொண்ட வயல், நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட ஐதராபாத் சமஸ்தானத்தின் தோர்ணக்கல். மொழி வேறு, உணவு வேறு, அரசு வேறு. சில ஆண்டுகளில் அசரியா தாமே பதவியை விட்டுவிட்டு அங்கே ஊழியராகச் சென்றார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அவருடைய ஊழியத்தில் என் உள்ளத்தை மிகவும் தொட்டது ஒரு சிறு பழக்கம். ஞானஸ்நானம் பெறுவோர் தங்கள் தலைமேல் தாங்களே கையை வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தங்களுக்கு ஐயோ என்னும் பவுலின் கருத்தைத் தங்கள் பொருத்தனையாகச் சொல்லும்படி அவர் பழக்கினார். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள், நிலமற்ற கூலிகள், ஊரின் கடைசித் தெருவில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். முதலில் நன்றாகப் படிக்கட்டும், விசுவாசத்தில் முதிரட்டும், பிறகு ஊழியம் என்று அசரியா காத்திருக்கவில்லை. பெற்றுக்கொண்ட நாளே அனுப்பப்பட்ட நாளாயிற்று. கடைமடையில் இருந்தவர்கள் பிறருக்குத் தலைமடை ஆனார்கள். தோர்ணக்கல் சபை அவர்களால் வளர்ந்தது.

அந்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், நம் இன்றைய பூட்டிய கதவுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கடமைப்பட்டிருக்கிறோம். மூன்றை மட்டும் சொல்லுகிறேன்.

முதலாவது, சாதி. தமிழ்நாட்டுத் திருச்சபை இதைப்பற்றிப் பேசத் தயங்குகிறது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற்றவர்கள் பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் தனித்தனி வரிசையில் நிற்கிறார்கள். மரித்தோரைக்கூடத் தனித்தனியே அடக்கம்செய்யும் கல்லறைத் தோட்டங்கள் நம் மாநிலத்தில் இன்னும் இருக்கின்றன. கல்லறை திறந்ததைக் கொண்டாடும் மக்கள் கல்லறைத் தோட்டத்திற்குள் சுவர் எழுப்புவதைப்போல் முரணான காட்சி வேறு எது? கிறிஸ்துவே நம் சமாதானம் என்று எபேசியருக்கு எழுதும்போது, பகையாக நின்ற நடுச்சுவரை அவர் தகர்த்தார் என்பதையே பவுல் அதற்குக் காரணமாகக் காட்டுகிறார். அந்தச் சுவரை மீண்டும் கட்டிக்கொண்டே உள்ளத்தில் சமாதானம் இல்லையே என்று நாம் முறையிட்டால், அம்முறையீட்டிற்கு ஆண்டவர் என்ன பதில் தருவார்?

இரண்டாவது, நம் மத்தியில் இருந்தும் நம் கண்ணில் படாதவர்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன்பே ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். மலைப்பாதையின் வளைவுகளில் அவர்களுடைய உயிர் ஒவ்வொரு நாளும் ஓட்டுநரின் கையில் இருக்கிறது. வேலை இருக்கும் பருவத்தில் ஞாயிறு என்றோ பண்டிகை என்றோ பார்க்க அவர்களால் இயலாது. நம் ஆராதனை நேரங்களும் ஐக்கியக் கூட்டங்களும் அவர்களை எண்ணி வகுக்கப்பட்டவைதாமா? ஆலயத்திற்கு ஏன் வரவில்லை என்று அவர்களைக் கேட்பதற்கு முன், அவர்கள் திரும்பி வரும் மாலை வேளையில் அவர்களுடைய தெருவிற்கு நாம் ஏன் செல்லவில்லை என்று நம்மை நாமே கேட்பது தகும். ஆண்டவர் பூட்டிய அறைக்குத் தாமே வந்தார். சீஷர் தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் கல்லறையின் அருகிலேயே காத்திருக்கவில்லை.

மூன்றாவது, மலைக்கு அப்பால் இருப்பவர்மேல் நாம் வளர்த்துவரும் கசப்பு. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு சச்சரவு முற்றியபோது, குமுளி எல்லை பதற்றத்தில் ஆழ்ந்ததையும், பிழைப்புக்காகச் சென்றிருந்த தொழிலாளர் அஞ்சி ஊர் திரும்பியதையும் இப்பள்ளத்தாக்கு மறந்திருக்காது. அது கிறிஸ்துவின் பிறப்புக்கு ஆயத்தமாகும் நாட்கள். இருபுறத்திலும் சபைகள் இருந்தன; இருபுறத்திலும் சமாதானப் பிரபுவைப் பற்றிய பாடல்கள் பாடப்பட்டன. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை தேக்க அனுமதித்துத் தீர்ப்பளித்தது. நம் விவசாயிகளின் உரிமை மெய்யானது. அதற்காக அவர்கள் சட்டப்படி நிற்பது நியாயமானது. அதேவேளையில் அணையின் கீழே வாழும் ஒரு தாயின் பயமும் மெய்யானது. உரிமையை விட்டுக்கொடுக்காமலே வெறுப்பை விட்டுவிட முடியும் என்று காண்பிக்கக்கூடியவர்கள், மலையின் இருபுறத்திலும் ஒரே ஆண்டவரை வணங்கும் நாம் அல்லவா? அடுத்த முறை கைப்பேசியில் வெறுப்பைத் தூண்டும் செய்தி வரும்போது அதைப் பிறருக்கு அனுப்பாமல் அழித்துவிடுவதும் சமாதான ஊழியமே.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம் உயிர்த்தெழுதலைப் பற்றிய மாபெரும் அதிகாரம். 58 வசனங்கள். மரணத்தின் கூர் எங்கே என்று அறைகூவி வெற்றிமுழக்கத்தின் உச்சியை எட்டிய அப்போஸ்தலன், ஆண்டவருக்குள் செய்யும் உழைப்பு வீண்போகாது என்று சொல்லி முடிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமோ எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைப் பற்றியது. வாரந்தோறும் சிறிது சேர்த்து வையுங்கள் என்கிறார். வானத்து எக்காளத்திலிருந்து காணிக்கைப் பெட்டிக்கு இத்தனை விரைவாக இறங்குகிறாரே என்று நமக்குத் தோன்றலாம். பவுலுக்கு அது இறக்கமாகவே தோன்றவில்லை. கிறிஸ்து உயிர்த்தெழுந்தது உண்மையானால், பசித்த சகோதரனுக்கு வாரந்தோறும் ஒதுக்கிவைப்பதே அதற்கு இயல்பான அடுத்த செயல்.

எனினும் ஓர் எச்சரிக்கையும் தேவை. சமாதானமின்றிச் செய்யும் ஊழியம் ஆளை அரித்துவிடும். சபைக் கமிட்டிகளில் ஓடி ஓடி உழைத்துவிட்டு வீட்டாரிடம் எரிந்துவிழுவோரை நாம் அறிவோம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் பேதுருவைச் சந்தித்தபோது, முதலில் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணிப் பசியாறச் செய்தார். பின்பு அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். அதன் பின்னரே ஆடுகளை ஒப்புவித்தார். உணவு, அன்பு, பணி என்ற அவ்வரிசை மாறலாகாது. எம்மாவுக்குச் சென்ற இருவரும் அப்பம் பிட்கையில் அவரை அறிந்துகொண்டு, அதே இரவில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம் எருசலேமுக்குத் திரும்பி நடந்தார்கள். வரும்போது கனத்திருந்த கால்கள் திரும்பிப் போகையில் இலேசாயின. ஆண்டவரோடு பந்தியமர்ந்து எழுந்தவர்களுக்கு அவ்வழியின் தூரம் பொருட்டாக இருக்கவில்லை.

பெந்தெகொஸ்தே வரையுள்ள இந்நாட்கள் நம் பள்ளத்தாக்கில் தண்ணீருக்காகக் காத்திருக்கும் நாட்களும் ஆகும். அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் முதல் போகத்திற்காக ஜூன் 1-ஆம் நாள் மதகு திறக்கப்படுவது வழக்கம். அதற்குமுன் நல்ல விவசாயி சும்மா இருப்பதில்லை. வாய்க்காலைத் தூர்வாருகிறான், கரையைச் செம்மைப்படுத்துகிறான். நம் முன்னோர் வீட்டிற்கு ஓர் ஆள் வந்து செய்த குடிமராமத்தும் அதுவே. முதல் சீஷரும் அப்படியே ஒருமனப்பட்டு ஜெபத்தில் தரித்திருந்தார்கள். மத்தியாவைத் தெரிந்துகொண்டு குறைவுபட்ட தங்கள் எண்ணிக்கையை நிறைவாக்கினார்கள்.

ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் பெந்தெகொஸ்தேக்கு முன் மூன்று காரியங்களைச் செய்யும்படி அன்போடு வேண்டுகிறேன். பேச்சு நின்றுபோன ஒருவரிடம், அவர் உறவினரோ பங்காளியோ அயலாரோ, நீங்களே முதலில் சென்று பேசுங்கள். உங்கள் தெருவில் தனித்திருக்கும் முதியவர் ஒருவரையோ, தோட்ட வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தையோ உங்கள் வீட்டுப் பந்திக்கு அழையுங்கள். அவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று பார்க்க வேண்டாம். பவுல் சொன்னபடி வாரந்தோறும் சிறிது ஒதுக்கிவைத்து, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஓர் ஏழைப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்கும் சீருடைக்கும் அதைக் கொடுங்கள். உள்ளத்தில் சமாதானம் நிறையட்டும் என்று காத்திராதீர்கள். பயத்தோடேயே புறப்படுங்கள். இனி எதற்காக வாழவேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அவர்கள் தட்டும் கதவுக்குப் பின்னால் காத்திருக்கும் மனிதரே பதிலாவார்.

ஜெபிப்போம். பூட்டிய அறைக்குள் வந்த ஆண்டவரே, எங்கள் பயத்தை அறிந்தும் எங்களை அனுப்புகிறீர். உமது தழும்புள்ள கைகளிலிருந்து நாங்கள் பெற்ற சமாதானத்தை எங்களோடு அடைத்துவைக்காதபடி காத்தருளும். எங்கள் வாய்க்கால்களைத் தூர்வாரும். இப்பள்ளத்தாக்கின் கடைசி வீடு வரை உம் நன்மை சென்று சேர எங்களைப் பயன்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.